காலிக் குழாய்க்கு மஞ்சள் பெயின்ட்

அத்தியாயம் ஒன்பது

இறந்தவரின் பை மேசை மேல் இருந்தது. அதைத் திறக்க அவர் மனைவிக்கு நான்கு நாளாக மனம் வரவில்லை.

"நீங்களே எடுங்க அக்கா," என்றாள். "நான் பார்த்துக்கிட்டு நிக்கிறேன்."

கண்ணாடியம்மா கைப்பிடியில் கட்டியிருந்த காவல் நிலையச் சீட்டை அவிழ்த்தார். இருபத்தெட்டு வருடம் காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீ விபத்துகளைத் துருவியவர். ஓய்வுக்குப் பிறகு சொந்தமாகத் துப்பறிகிறார். தடித்த மூக்குக் கண்ணாடியே அவருக்குப் பெயராகிவிட்டது. உதவியாளன் கதையும் அதேதான். வீடு வீடாகப் போய் எரிவாயு மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டிருந்தவன். வேலை போயிற்று, மீட்டர் என்ற பெயர் போகவில்லை. வயது நாற்பத்தைந்து. வாய்க்கு மட்டும் இன்னும் இருபதுதான்.

சாமான்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அளவு நாடா. கைவிளக்கு. பாதி குடித்த தண்ணீர் பாட்டில். ஒரு நோட்டு, 'உடலுக்குப் பக்கத்தில், குழிக்குள் கிடந்தது' என்று அதன் மேல் சீட்டு ஒட்டியிருந்தார்கள். கடைசியாக, பாலித்தீன் உறையில், அன்று அவர் போட்டிருந்த சட்டை.

மனைவி சுவரைப் பார்த்தாள்.

அவர் நகராட்சியின் சொத்துவரி மதிப்பீட்டாளர். ஊருக்கு வெளியே, எரிவாயுக் குழாய் போகும் தடத்தில், ஒரு வால்வுக் குழிக்குள் பிணமாகக் கிடந்தார். ஓர் ஆள் ஆழம், நான்கு பக்கமும் கான்கிரீட், மேலே இரும்பு மூடி. மூச்சுத் திணறி இறந்திருக்கிறார் என்பது வரைதான் மருத்துவமனை வாயைத் திறந்தது. மீதியைக் குழாய்க் கம்பெனி எழுதியது: இவர் லஞ்சம் கேட்டார். கொடுக்கவில்லை. மிரட்டிப் பார்க்க அனுமதியில்லாமல் காலிக் குழாயின் குழிக்குள் இறங்கினார். பழைய குழி, கெட்ட காற்று.

"நாளைக்குப் பத்து மணிக்கு விசாரணை," என்றாள் மனைவி. "குழாய் காலின்னு முடிவாச்சுன்னா, அவர் அங்க போனதுக்கு வேற காரணமே கிடையாது. லஞ்சம்னு எழுதி மூடிடுவாங்க. இந்த வீட்டக் காலி பண்ணணும், அது பரவாயில்ல. என் பொண்ணு அவ பேருக்குப் பின்னாடி அவர் பேரத்தான் எழுதறா."

"குழாய் காலியில்லன்னா?"

"அவர் வேலை பார்க்கத்தான் போனாரு. அவ்வளவுதான் அக்கா எனக்கு வேணும்."

"இந்தக் குழாய் மேல அவருக்கு எப்படிச் சந்தேகம் வந்துச்சு?"

"ஒரு பெரியவர் வீட்டுல சமையலறைய அளந்திருக்காரு. அந்தப் பெரியவர் கேட்டாராம், 'என் அடுப்படிக்கு விரக்கடை கணக்கா அளந்து வரி போடறியே, நம்ம எல்லார் காலடியிலயும் பதினோரு கிலோமீட்டர் குழாய் போகுதே, அதுக்கு என்ன போட்டே'ன்னு. இவருக்குப் பதில் சொல்லத் தெரியல. அன்னிக்குச் சாப்பிடாமலே படுத்துட்டாரு."

கண்ணாடியம்மாவுக்கு மற்றது தெரியும். வாயு ஓடுகிற குழாய்க்கு நீளத்தையும் விட்டத்தையும் பார்த்து வரி. ஓடாத குழாய்க்கு வரி இல்லை. ஆறு வருடம் முன்பு அந்தப் பதினோரு கிலோமீட்டர் இனி ஓடாது என்று கம்பெனி எழுதிக் கொடுத்தது. வருமானத்தில் விழுந்த பள்ளத்தை நகராட்சி வீடுகளை வைத்து நிரப்பியது. வீட்டு வரி இரண்டு தடவை ஏறியது.

மீட்டர் சட்டையை வெளிச்சத்தில் பிடித்தான். வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் கறை.

"பெயின்ட்," என்றான். "இது போலீஸ் கண்ணுல படலையா மேடம்?"

"பட்டிருக்கும். பெயின்ட்ல யாரும் மூச்சுத் திணறிச் சாகறதில்லன்னு விட்டிருப்பாங்க."

"அன்னிக்கு அவருக்கு நாலு தடவ போன் பண்ணேன்," என்றாள் மனைவி. யாரிடமும் சொல்வதுபோல் இல்லை. "நாலு மணிக்கு மழை கொட்டிச்சே. ஆறு வரைக்கும் விடல. குடையும் எடுத்துட்டுப் போகல, எங்க நனைஞ்சுக்கிட்டு நிக்கறாரோன்னுதான் நெனச்சேன். வேற எதுவும் நெனக்கத் தோணல."

கண்ணாடியம்மா நோட்டைப் புரட்டினார். தாள்கள் சலசலத்தன. கடைசியாக எழுதிய பக்கத்தில் ஒரே வரி. கம்பம் 47. மணி 3.10.

"இத நான் எடுத்துக்கிறேன்," என்றார்.

*

ஊர் கிடங்குகளோடு முடிந்தது. அதற்கப்பால் புல்தரை. புல்லுக்குள் இடுப்புயரக் கான்கிரீட் கம்பங்கள், கிலோமீட்டருக்கு ஒன்று. தலையில் மஞ்சள், மஞ்சளில் கறுப்பு எண். ஒன்றிலிருந்து நாற்பது வரை ஓடும் குழாய். நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்திரண்டு வரை, கம்பெனிக் காகிதத்தின்படி, காலி.

நாற்பத்தேழாம் கம்பத்துக்குப் பக்கத்தில் மீட்டர் காரை நிறுத்தினான்.

"பளபளன்னு இருக்கே. ஆறு வருஷம் முன்னாடி செத்த குழாய்க்கு யாரு மேடம் போன வாரம் பவுடர் போட்டு விட்டது?"

"தொட்டுப் பாரு."

நகத்தால் சுரண்டினான். "புதுசு. பத்து நாள்கூட ஆகல." பிறகு குனிந்தான். மஞ்சளில் ஓரிடம் இழுபட்டிருந்தது. அதற்குள் துணியின் நெசவு அப்படியே அச்சாக விழுந்து காய்ந்திருந்தது. "இங்கதான் சாஞ்சு உக்காந்திருக்காரு. தோள் உயரம் சரியா இருக்கு."

"சாயும்போது பெயின்ட் ஈரம்."

"அப்போ அடிச்சது அதே நாள்."

"அடிச்ச ஆளு அன்னிக்கு இங்க இருந்திருக்காரு. யாரும் இல்லாத இடம்னு கம்பெனி சொல்லுது."

குழி நாலடி தள்ளி இருந்தது. இரும்பு மூடியின் விளிம்பில் ரப்பர் பட்டை. புதிய பூட்டு, விலைச் சீட்டின் பசைகூட இன்னும் போகவில்லை. மீட்டர் மண்டியிட்டு மூடியில் காதை வைத்தான்.

"ஒண்ணும் கேக்கல. நாத்தமும் இல்ல."

"நாத்தம் இல்லன்னா வாயு இல்லன்னு அர்த்தமா?"

"அதான் இல்ல. வாயுவுக்குச் சொந்தமா வாசம் கிடையாது மேடம். வீட்டு அடுப்புக்கு வர்றதுல நாத்தத்தக் கலந்து விடுவாங்க, கசிஞ்சா தெரியட்டும்னு. இந்த மாதிரிப் பெரிய குழாய்ல கலக்க மாட்டாங்க. கசிஞ்சு குழிக்குள்ள நிக்கும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. இறங்கினா ரெண்டு மூச்சு, கால் மடங்கிடும். மேல ஆள் இருந்து தூக்கினா உண்டு."

"தூக்கலன்னா?"

"மூடி திறந்திருந்தா கொஞ்சமாவது காத்து வரும். சிலர் பிழைச்சிருக்காங்க." எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான். "தோண்டிப் பார்த்துட்டா ஒரே நிமிஷத்துல தெரிஞ்சிடும்."

"தோண்ட யாரு அனுமதி தரணும்?"

"கம்பெனி."

"நாளைக்குப் பத்து மணிக்குள்ள தருவாங்களா?"

மீட்டர் கார் கதவைத் திறந்துவிட்டான்.

*

மேலாளரின் அறை குளிர்ந்திருந்தது. அதற்கு வெளியே இரண்டு மேசைகள் முதுகுக்கு முதுகாகக் கிடந்தன. ஒன்றில் 'வரி' என்று பலகை, மற்றதில் 'பராமரிப்பு'. சுவர் வரைபடத்தில் ஓடும் குழாய் சிவப்புக் கோடு. அந்தப் பதினோரு கிலோமீட்டர் மட்டும் சாம்பல்.

"வருத்தமான விஷயம்தான்," என்றார் மேலாளர். "ஆனா கேட்காம கொள்ளாம அடுத்தவங்க இடத்துல இறங்கினா?"

"நாற்பத்தேழாம் கம்பத்துக்குப் பெயின்ட் அடிச்சது யாரு?"

மேலாளர் பேனாவின் மூடியைக் கழற்றினார். "ஒப்பந்தக்காரன் ஆளுங்களா இருக்கும். கம்பத்தக் கண்டா அடிச்சிட்டுப் போவானுங்க. காலியா இல்லையான்னு அவனுங்களுக்கு என்ன தெரியும்?"

"இந்தத் தடத்துக்கு ரோந்துக்காரர் உண்டா?"

"நாற்பதாம் கம்பம் வரைக்கும் ஒருத்தர் நடப்பாரு. அன்னிக்கு அவர் லீவு." பதிவேட்டைத் திறந்து அவர்களுக்கு வாட்டமாகத் திருப்பி வைத்தார்.

கண்ணாடியம்மா குனிந்தார். மாதம் முழுக்க நீல மையில், நடுங்கும் கையில், ஒரே கையெழுத்து. அந்த ஒரு நாளில் மட்டும் கறுப்பு மையில் 'விடுப்பு'. எழுத்து நேராக நின்றது.

"இந்த ஒரு வார்த்தைய மட்டும் வேற கை எழுதியிருக்கே சார்," என்றான் மீட்டர். "அதுவும் நியாயம்தான். லீவுல இருக்கறவர் எப்படி வந்து எழுதுவாரு?"

"நீங்க யாரு?"

"நான் சும்மா கூட வந்தவன் சார். மேடத்துக்கு வண்டி ஓட்டத் தெரியாது."

"உடலை முதல்ல பார்த்தது?" என்றார் கண்ணாடியம்மா.

"நான். மறுநாள் காலைல ஏழு மணிக்கு. குழி மூடி திறந்து கிடந்துச்சு. போலீசுக்கு நான்தான் சொன்னேன்."

"முந்தின நாள் மத்தியானத்துலேர்ந்து திறந்தே கிடந்ததா?"

"பின்ன? உள்ள இருந்துகிட்டு அவரே மூடிக்க முடியுமா?"

"முடியாது," என்றார் கண்ணாடியம்மா. "நானும் அதத்தான் யோசிச்சுக்கிட்டிருந்தேன்."

மேலாளர் பதிவேட்டை மூடினார். கொஞ்சம் வேகமாகவே மூடினார்.

வெளியே வந்ததும் மீட்டர் கேட்டான். "எதை யோசிச்சுக்கிட்டிருந்தீங்க?"

"வண்டிய எடு. ரோந்துக்காரர் வீடு எங்கேன்னு விசாரி."

"மேடம், எனக்குச் சொன்னா நானும் யோசிப்பேன். மூளைய ரொம்ப நாள் நிறுத்தி வச்சா துரு ஏறிடும்."

"நாலு மணிக்கு மழை. ஆறு வரைக்கும் விடல. நோட்டு குழிக்குள்ள கிடந்தது."

மீட்டர் சாவியைப் போட்டான், திருப்பவில்லை. பின்னிருக்கையில் கிடந்த நோட்டை எட்டி எடுத்துப் பக்கங்களைத் தள்ளினான். ஒரு தாள்கூட ஒட்டிக்கொள்ளவில்லை. ஓர் எழுத்துகூடக் கரையவில்லை.

"மூடி மூடியிருந்திருக்கு," என்றான்.

சாவியைத் திருப்பி வண்டியைக் கிளப்பினான்.

*

ரோந்துக்காரரின் மருமகள் கதவைத் திறந்தாள். "மாமா பின்னாடி இருக்காரு. நாலு நாளா யார்கிட்டயும் பேச மாட்டேங்கறாரு. நீங்க கம்பெனியிலேர்ந்தா?"

"இல்லம்மா."

"நல்லவேளை," என்று வழிவிட்டாள்.

அவர் கொல்லையில் ஒரு கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து மண்ணெண்ணெயில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. நகக்கண்களில் மஞ்சள். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். நடந்து நடந்து இறுகிய கால்கள்.

கண்ணாடியம்மா துணி துவைக்கும் கல்லின் மேல் உட்கார்ந்தார். யார், எதற்கு வந்தோம் என்பதை இரண்டு வாக்கியத்தில் சொன்னார்.

"நான் அன்னிக்கு லீவு," என்றார் ரோந்துக்காரர்.

"அப்படித்தான் எழுதியிருக்கு. நீங்க எழுதல."

தூரிகை நின்றது.

"அண்ணே, பொய்ய காகிதத்துல எழுதிடலாம்," என்றான் மீட்டர். "மண்ணத் தோண்டற மிஷின்காரன் காகிதம் படிக்க மாட்டான். கம்பத்துல மஞ்சள் இல்லன்னா அங்கயே தோண்டுவான். குழாய் காலின்னா கம்பெனி அத நினைச்சுப் பயப்படணுமா? பயந்திருக்காங்க. வருஷா வருஷம் உங்கள விட்டு மஞ்சள் அடிக்க வச்சிருக்காங்க."

"பராமரிப்பு மேசைல குடுக்கற பட்டியல்படி நான் அடிக்கறேன்," என்றார் அவர் மெதுவாக. "ஒண்ணுலேர்ந்து ஐம்பத்திரண்டு. வரி மேசைல காலின்னு கோடு போட்டாங்களாம். என் பட்டியல்ல யாரும் கோடு போடல. நடக்காதேன்னும் சொல்லல. எப்படிச் சொல்லுவாங்க? உள்ள ஓடுதே."

மீட்டர் மூச்சை விட்டான். ஆறு வருடப் பொய் ஒரு கொல்லைப்புறத்தில், ஒரு மண்ணெண்ணெய் டப்பாவுக்குப் பக்கத்தில், இவ்வளவு சாதாரணமாக உடைந்துவிட்டது.

கண்ணாடியம்மா நோட்டை ரோந்துக்காரர் மடியில் வைத்தார்.

"புரட்டிப் பாருங்க. அவரோடது. குழிக்குள்ள கிடந்தது. மழைல நனையல."

ரோந்துக்காரர் அதைத் தொடவில்லை.

"மாசத்துக்கு ஒரு தடவ வால்வுக்கு கிரீஸ் வைக்கணும். பன்னண்டு மணிக்கு நாற்பத்தேழுக்கு வந்தேன். கம்பத்துக்கு அடிச்சேன். மூடியத் திறந்து வச்சேன், காத்தாடட்டும்னு. நாலு மணி நேரம் ஆறினாதான் இறங்கலாம். முன்னாடி காத்தடிக்கிற மிஷின் குடுத்திருந்தாங்க. உள்ள வாயு நிக்குதான்னு காட்டுற கருவி குடுத்திருந்தாங்க. கூட ஒரு ஆளும் வருவான். காலின்னு எழுதினப்புறம் மூணும் போச்சு. காலிக் குழாய்க்குக் கருவி எதுக்குன்னு யாராவது கேட்டா மாட்டிக்குவாங்கல்ல? பூட்டு உடைஞ்சு ஒரு வருஷம். அதுக்கும் அதே பதில்தான்."

"நீங்க மேற்கொண்டு போனீங்க."

"ஐம்பத்திரண்டு வரைக்கும் சைக்கிள்ல போய் அடிச்சிட்டுத் திரும்பினேன். மூணரை மணி. வானம் கறுத்துக்கிட்டு வந்துச்சு. குழில தண்ணி இறங்கினா வால்வு துருப்பிடிச்சிடும். கிரீஸ நாளைக்குப் பார்த்துக்கலாம்னு மூடியத் தள்ளி மூடிட்டு வந்துட்டேன்."

"உள்ள பார்க்கல."

"பார்க்கல. மேல வண்டியோ பையோ எதுவும் இல்ல, சந்தேகமும் வரல." தூரிகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எங்க வேலைல ஒரு வழக்கம் உண்டும்மா. மூடறதுக்கு முன்னாடி உள்ள குனிஞ்சு மூணு தடவ கூப்பிடணும். ரெண்டு பேரா போன காலத்துல கூப்பிடுவோம். இப்ப நான் ஒருத்தன். மேல நின்னுக்கிட்டு என்னையே நான் கூப்பிடறதா? அத விட்டு நாலு வருஷம் ஆச்சு."

மருமகள் உள்ளே பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"காலைல அவரக் காணோம்னு ஊர்ல பேச்சு. குழாய்ப் பக்கம் போனவர் திரும்பலன்னாங்க. ஓடிப் போய் மூடியத் தூக்கினேன்." தூரிகையை மறுபடி மண்ணெண்ணெயில் முக்கினார். "மேலாளருக்கு நான்தான் போன் பண்ணேன். வந்தாரு. மூடி திறந்தே இருக்கட்டும், நீ நேத்து லீவு, உன்னக் காப்பாத்தத்தான் சொல்றேன்னாரு."

"உங்களக் காப்பாத்த இல்ல. நீங்க மூடினீங்கன்னு தெரிஞ்சா, நீங்க அங்க ஏன் போனீங்கன்னு கேப்பாங்க. கிரீஸ் வைக்கன்னு சொல்லுவீங்க. காலிக் குழாய்க்கு எதுக்குக் கிரீஸ்?"

"இப்ப நான் என்ன பண்ணணும்?"

"நாளைக்குப் பத்து மணிக்கு வந்து சொல்லணும். குழாய் ஓடுதுன்னு மட்டும் சொன்னா நிக்காது. பதிவேட்டுல நீங்க லீவு. அங்க இருந்தீங்கன்னு காட்ட உங்ககிட்ட இருக்கறது ஒண்ணே ஒண்ணுதான். மூடி மூடியிருந்தது. அது மூடினவனுக்கும் மேலாளருக்கும் மட்டும்தான் தெரியும். நீங்க அதச் சொன்னா இந்த நோட்டு உங்களுக்குச் சாட்சி."

"நான்தான் கொன்னேன்னு சொல்லுவாங்க."

"சொல்லுவாங்க."

"ஜெயிலா?"

"இருக்கலாம்."

மீட்டர் கண்ணாடியம்மாவைப் பார்த்தான். இந்த இடத்தில் கொஞ்சம் சர்க்கரை தடவினால் என்ன என்று அவனுக்குத் தோன்றியது. அவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது.

ரோந்துக்காரர் தலை நிமிர்ந்தார். "நான் மூடும்போது அவருக்கு உயிர் இருந்துச்சா?"

"தெரியாது. மூணு பத்துக்கு நோட்டுல எழுதியிருக்காரு. மூணரைக்கு நீங்க மூடினீங்க. டாக்டர் அறிக்கைய நாளைக்கு விசாரணைலதான் பிரிப்பாங்க."

"மூச்சு நின்னப்புறம் மூடியிருந்தா, நான் மூடினது வெறும் மூடிதான். அப்போ எங்க வேணாலும் வந்து சொல்லுவேன்." எழுந்தார். "மூச்சு இருந்திருந்தா, அந்த வார்த்தை என் வாயில வருமான்னு தெரியல. முதல்ல நான் அந்தம்மாவப் பார்க்கணும்."

*

அவர் வாசற்படிக்கு மேல் ஏறவில்லை. படியில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பெயின்ட், கிரீஸ், மேகம், மூடி. கூப்பிடாததையும் சொன்னார். மதிப்பீட்டாளரின் மனைவி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

மீட்டரும் கண்ணாடியம்மாவும் காருக்குப் பக்கத்தில் நின்றார்கள். சொல் ஒவ்வொன்றும் கேட்கும் தூரம்தான்.

"ஒண்ணே ஒண்ணு தெரியணும்மா," என்றார் ரோந்துக்காரர். "நான் மூடறப்ப அவருக்கு உயிர் இருந்துச்சா?"

அவள் உதட்டைக் கடித்தாள். தெரு முனையில் ஒரு லாரி திரும்பும் வரை நேரம் எடுத்துக்கொண்டாள்.

"இல்ல அண்ணே," என்றாள். "டாக்டர் என்கிட்ட சொன்னாரு. இறங்கின உடனேயே போயிட்டாராம்."

அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள்கள் குலுங்கின.

"காலைல பத்து மணிக்கு," என்றாள் அவள். "நேரத்தோட வந்துடுங்க." கதவைச் சாத்தினாள்.

காருக்குள் மீட்டர் தாழ்ந்த குரலில் கேட்டான். "டாக்டர் எப்ப மேடம் இந்தம்மாகிட்டப் பேசினாரு?"

"பேசல."

"அப்போ நாளைக்கு அறிக்கையப் பிரிச்சுப் படிச்சா?"

"அவருக்குத் தெரிஞ்சிடும்."

"அவர்கிட்ட இப்பவே சொல்லிடலாமா?"

"இறங்கிப் போய் நீ சொல்றியா?"

மீட்டர் படியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தான். பிறகு வண்டியை எடுத்தான்.

*

நகராட்சியின் மாடி அறை. ஒன்பதரைக்கே ரோந்துக்காரர் வந்துவிட்டார். சலவைச் சட்டை, மழித்த முகம். அவரைப் பார்த்ததும் மேலாளர் எழுந்து வந்து காதோரம் ஏதோ சொன்னார். ரோந்துக்காரர் ஓர் இருக்கை தள்ளி உட்கார்ந்தார்.

கண்ணாடியம்மா நோட்டை அதிகாரியின் மேசையில் வைத்தார். மனைவி முதல் வரிசையில் இருந்தாள். மடியில் கைகள் ஒன்றையொன்று பிடித்திருந்தன.

விசாரணை அதிகாரி வயதானவர், அவசரக்காரர். "முதல்ல மருத்துவ அறிக்கையப் பதிவு பண்ணிடுவோம்," என்று உறையைக் கிழித்தார். அலுப்பான குரலில் படித்தார். "காற்றில்லாமல் ஏற்பட்ட மூச்சுத் திணறல். மயங்கிய நிலையில் கணிசமான நேரம் சுவாசம் இருந்திருக்க வாய்ப்புண்டு. இறந்த நேரம் மாலை நான்கு முதல் ஐந்தரைக்குள்."

மீட்டர் கண்களை மூடிக்கொண்டான்.

ரோந்துக்காரர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் பார்வையை விலக்கவில்லை. தலையசைக்கவில்லை, கெஞ்சவும் இல்லை. அவர் இப்போது எழுந்து வீட்டுக்குப் போய்விட்டால் குழாய் காலி, அவள் கணவன் லஞ்சக்காரன். இருவருக்கும் அது தெரிந்திருந்தது. மேலாளருக்கும் தெரிந்திருந்தது. அவர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"சாட்சி யாராவது உண்டா?" என்றார் அதிகாரி.

மின்விசிறி சுற்றியது. அதிகாரி காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார்.

"அன்னிக்கு நான் லீவு இல்ல," என்றார் ரோந்துக்காரர்.

எழுந்து நின்றார்.

"யாருய்யா நீ?"

"அந்தக் குழாயோட ரோந்துக்காரன் சார். ஐம்பத்திரண்டாம் கம்பம் வரைக்கும் நடக்கறவன். குழாய்ல வாயு ஓடுது. நேத்தும் ஓடிச்சு. அவர் அத அளக்கத்தான் இறங்கினாரு. அவர் உள்ள இருந்தப்ப மூடிய மூடினது நான்."

குமாஸ்தா பேனாவை எடுத்தார். "எதை முதல்ல எழுத?"

"நான் மூடினத எழுதுங்க," என்றார் ரோந்துக்காரர். "அத விட்டுட்டா மத்தத நம்ப மாட்டாங்க."